மூச்சைப் பிடிங்க, விடுங்க

இருபத்தெட்டு ரியாலுக்குப் பழைய மெஷின்.
பில்லில் கணவர் பெயர் கேட்டார் கடைக்காரர்.
என் பெயரைச் சொன்னேன்: அங்கயற்கண்ணி.
எழுதி முடிக்க அவருக்கு
மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளி விடியலில் மொட்டைமாடி.
ஏழு மணியானால் சோஹார் வெயிலில்
தோலுறைக்குள் கை வெந்துவிடும்.

முதல் நாள் குச்சி ஒட்டிக்கொண்டது.
இழுத்தேன், திருகினேன்.
அசையாமல் செக்கச் செவேலென்று
கடன்காரன்போல் நின்றது.
அடுத்த வாரம் பயந்து தூக்கிப் பிடித்தேன்.
தகட்டில் ஒட்டாமல்
சுற்றிலும் கடுகு வெடித்தது.

ஒருமுறை
முகமூடி இறங்குமுன் பொறி முந்திக்கொண்டது.
இரவு இரண்டு மணிக்கு இமைக்குள் யாரோ மணல் கொட்ட,
கயல்போல் கண்ணென்று பெயர் வைத்தவர்களை நினைத்தபடி
சுவரைத் தடவிக் குளியலறைக்குப் போனேன்.
சொட்டு மருந்து விட்டாள் ஜெசிந்தா.
நர்ஸ் என்பதால் திட்டவில்லை;
அறைத்தோழி என்பதால் பிறகு திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் என் வேலை
உடைக்காமல் உள்ளே பார்ப்பது.
மாடியில் நேர்மாறு.
அழகென்று நானே மெச்சி, போட்டோ எடுத்து,
அக்காவுக்கு அனுப்பிய தையலை
வைஸில் கவ்வி ஓங்கி ஒரு போடு.
பிளந்தது.
உள்ளே பொத்தல் பொத்தலாய் இட்லி.

கடற்காற்று குடித்த குச்சியாம்.
அவனில் வைத்துக் காயவைத்தேன்
நூற்றிருபதில் ஒரு மணி நேரம்.
கேக் தட்டோடு வந்து திறந்த ஜெசிந்தா
அன்று மாதாவையே கூப்பிட்டாள்.

அடுத்த உடைப்பில் பொத்தல் இல்லை,
கறுப்பாய் ஒரு கோடு.
கசடு என்ற சொல்லைப்
பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
தட்டித் தட்டி உதிர்த்து,
கம்பி பிரஷால் தேய்த்த பிறகே
மேலே இன்னொரு வரி ஓட்ட வேண்டுமென்று
நாற்பத்தொரு வயதில் தெரிந்தது.

போன வாரம் துறைமுக யார்டிலிருந்து
விலாவில் அடிபட்டு ஹர்தேவ் வந்தார்.
பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தினேன்.
மூச்சைப் பிடிங்க.
படம் எடுத்தேன்.
விடுங்க.
சட்டைக்குள் கை நுழைக்கையில்
என் மணிக்கட்டின் தீப்புள்ளிகளைப் பார்த்தார்.
எத்தனை ஆம்பியர்?
நூற்றுப்பத்து.
மெல்லிசுத் தகடா? எண்பதுக்கு இறக்குங்க.
எர்த் எதில் கடிக்குது?
பெயின்ட் மேலே, என்றேன்.
சிரித்தார், விலா வலித்து நிறுத்திக்கொண்டார்.
போகும்போது கதவைப் பிடித்தபடி கேட்டார்:
ஓட்டும்போது மூச்சு விடுறீங்களா மேடம்?

இல்லை.
குச்சி தீரும்வரை அடக்கித்தான் வைத்திருக்கிறேன்.
ஒரு நாளில் அறுபது பேரிடம் சொல்கிறேன்.
என்னிடம் சொல்ல
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

பெயின்டைச் சுரண்டினேன். எண்பதில் வைத்தேன்.
பச்சை இருட்டுக்குள்
ஒரு சிறிய குளம் உருகி நகர,
அதன் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு
விடு, அங்கயற்கண்ணி, விடு
என்று வாய்விட்டுச் சொன்னேன்.
மூன்று அங்குலம் சீராய் வந்தது.
பிறகு பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்க,
நான் நிமிர, கோணிவிட்டது.

ஸ்டூல் செய்திருக்கிறேன்.
ஒரே பக்கமாய் ஓட்டியதில்
சூடு இழுத்து ஒரு கால் உள்ளே வளைய,
கிரைண்டரால் அறுத்து,
நாலு மூலையிலும் புள்ளி வைத்து
மறுபடி ஓட்டினேன்.
இன்னும் ஒரு நூல் குட்டை.

அதில் உட்கார்ந்து ஜெசிந்தா வெங்காயம் நறுக்குகிறாள்.
டக். டக்.
அட்டை மடித்து வைக்கட்டுமா என்கிறாள்.
வேண்டாம், கொஞ்சம் ஆடு என்கிறேன்.
தரையில் படுத்து, காதை வைத்து,
எந்த மூட்டு என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.